என் தம்பி கூட்டிருந்த நாட்கள்

இப்போது நான் நடக்கிறேன். இடது கால் கொஞ்சம் இழுக்கும், படியேற கைப்பிடி வேண்டும். மற்றபடி கரமனையில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை நானே போய்ப் பால் வாங்கி வருகிறேன். வழியில் பார்க்கிறவர்கள், "தாசா, சுகமாயோ?" என்று கேட்பார்கள். நின்று பதில் சொல்ல ஆரம்பித்தால் வீட்டுக்கு வருவதற்குள் பால் திரிந்துவிடும் என்பது என் மனைவி சுகந்தியின் கேலி. அவர்களுக்கெல்லாம் ரோட்டில் நின்று சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே நோய் வந்த யாருடைய வீட்டார் பயந்து உட்கார்ந்திருந்தாலும், இது அவர்கள் கைக்குப் போய்ச் சேரட்டும்.

என் முழுப்பெயர் ஏசுதாசன். வீடுகளுக்கு வயரிங் செய்கிற எலக்ட்ரீஷியன். சொந்த ஊர் மார்த்தாண்டத்துக்குப் பக்கம். கல்யாணமான புதிதில் வேலை தேடித் திருவனந்தபுரம் வந்து இங்கேயே தங்கிவிட்டேன். சுகந்தி பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற கடையில் வேலை பார்க்கிறாள். ஒரே மகள் ஷைனி, கல்லூரியில் படிக்கிறாள்.

அந்த வாரம் ஸ்ரீவராகத்தில் ஒரு பழைய அக்ரஹாரத்து வீட்டில் வயர் மாற்றிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பு சில நாள் வயிற்றுப்போக்கு இருந்து சரியாகியிருந்தது. ஏணியில் நிற்கும்போது கால் பஞ்சுமேல் நிற்பதுபோல் இருந்தது. களைப்பு என்று நினைத்தேன். சாயங்காலம் அந்த வீட்டு மாமி காபி கொண்டுவந்து நீட்டினார். டம்ளரைப் பிடித்தேன். பிடித்தேன் என்றுதான் நினைத்தேன், டம்ளர் தரையில் உருண்டுகொண்டிருந்தது.

"என்னடாப்பா, கை நடுங்கறதா? நாளைக்கு வேலைக்கு வராதே, போய்ப் படு" என்றார் மாமி.

மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு காலும் என்னுடையவைதான், ஆனால் நான் சொல்வதைக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் என்னை நாற்காலியோடு தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் விரல்களும் மரத்துவிட்டன.

நரம்பியல் பிரிவில் என்னைப் பார்த்தவர் மீரா டாக்டர். இளவயது, மலையாளி, தமிழ் நோயாளிகளைப் பார்த்துப் பார்த்துக் கலவையாக ஒரு தமிழ் பேசுவார். முழங்காலில் சின்ன ரப்பர் சுத்தியலால் தட்டினார். கால் துள்ள வேண்டும், துள்ளவில்லை. இன்னொரு முறை தட்டினார். பிறகு என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்தால் விஷயம் பெரிது என்று சுகந்திக்குத் தெரிந்துவிட்டது. என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"நீங்க எலக்ட்ரீஷியன் அல்லே? வயருக்கு மேல உள்ள இன்சுலேஷன் போனா என்ன ஆகும்?"

"கரண்ட் போக வேண்டிய எடத்துக்குப் போகாது, டாக்டர்."

"அதுதான் சம்பவிச்சிருக்கு. உங்க உடம்புல கிருமியோட சண்டை போடற பட்டாளம் இருக்கில்லா, அது ஆள் தெரியாம உங்க நரம்பு மேல உள்ள உறையத் தின்னுது. இதுக்குப் பேரு கில்லன் பாரே. மூளை சொல்றது கைகாலுக்குப் போய் எத்தாது. ஆனா உள்ள கம்பி நல்லாத்தான் இருக்கும். உறை திரும்ப வளரும். பேடிக்க வேண்டாம், பயம் வேண்டாம்."

"எத்தர நாளு ஆவும்?" என்று கேட்டேன்.

"அத மட்டும் கேக்காதீங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் மறைப்பு எதுவும் இல்லை. இது இன்னும் மேலே ஏறும், மூச்சுக்கும் மெஷின் தேவைப்படலாம், அதன் பிறகு இறங்கும் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார். முன்கூட்டியே அப்படிச் சொல்லிவைத்தது பின்னால் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

பரிசோதனைகள் நடந்தன. முதுகெலும்புக்கு நடுவே ஊசி போட்டுக் கொஞ்சம் தண்ணீர் எடுத்தார்கள். வலி அதிகமில்லை, அசையாமல் சுருண்டு படுப்பதுதான் கஷ்டம். நரம்பில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று பார்க்க, கையிலும் காலிலும் சின்னச் சின்ன ஷாக் கொடுத்தார்கள். ஆயுள் முழுக்க எத்தனையோ ஷாக் வாங்கியவன் நான். ஷாக் அடித்தும் என் விரல் துள்ளாமல் கிடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பயம் என்றால் என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மருந்து சின்னக் கண்ணாடிப் பாட்டில்களில் வந்தது. இத்தனை சின்னப் பாட்டிலுக்கு அவ்வளவு விலையா என்று சுகந்தி கேட்டபோது டாக்டர், "இது ஃபேக்டரியில கலக்கி எடுக்கற மருந்தில்ல. ஆயிரக்கணக்கான ஆளுங்க குடுத்த ரத்தத்திலிருந்து எடுக்கறது. அவங்க பட்டாளம் வந்து உங்க பட்டாளத்த அடக்கும்" என்றார். அந்த மருந்து சொட்டுச் சொட்டாக என் கைக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். முகம் தெரியாத ஆயிரம் பேர் எங்கேயோ ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கையை நீட்டியிருக்கிறார்கள். நான் எந்தச் சாதி, எந்தச் சபை, நல்லவனா கெட்டவனா என்று யாரும் கேட்கவில்லை. சின்ன வயசிலிருந்து கோயிலில், கிறிஸ்துவின் ரத்தம் என்று திராட்சரசம் பருகும் திருவிருந்தில் பங்கெடுத்து வந்தவன் நான். அதன் பொருள் எனக்குப் புரிந்தது அந்தக் கட்டிலில்தான் என்று சொன்னால் மிகையில்லை.

ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு பங்கு அரசு இன்ஷூரன்ஸ் கார்டில் போனது. மீதியை எங்கள் சபையும் என்னோடு வேலை செய்கிற பையன்களும் சேர்ந்து பார்த்துக்கொண்டார்கள். எவ்வளவு, யார் என்று சுகந்தி என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் வாங்கிக்கொள்வது எனக்குச் சுலபமாக வரவில்லை, ஆனால் அதையும் அங்கே படித்துக்கொண்டேன்.

டாக்டர் சொன்னபடியே நோய் ஏறியது. விழுங்க முடியவில்லை, பேச்சு குழறியது, பிறகு மூச்சு. தீவிர சிகிச்சைப் பிரிவில் தொண்டைக்குள் குழாய் விட்டு மெஷினோடு இணைத்தார்கள். சில நாளில் கழுத்தில் சின்னத் துளை போட்டுக் குழாயை அங்கே மாற்றினார்கள். கேட்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் வாய்க்குள் குழாய் இருப்பதைவிட அது எவ்வளவோ தேவலை. குரல்தான் வராது.

மற்றவர்களுக்கு நான் சொல்ல நினைக்கிற முக்கியமான விஷயம் இது: இந்த நோயில் உடம்புதான் தூங்கும், மனுஷன் தூங்குவதில்லை. எனக்கு எல்லாம் கேட்டது. பார்க்க வந்த உறவினர் ஒருவர் என் தலைமாட்டில் நின்று சுகந்தியிடம், "நல்ல மனுஷன், என்ன செய்ய" என்று சொன்னார். நான் செத்துவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சுகந்தி மட்டும் நான் வழக்கமாக இருப்பதுபோலவே என்னோடு பேசுவாள். "இஞ்ச பாருங்க, கேஸ் தீந்துபோச்சு, புக் பண்ணிட்டேன்" என்பாள். எனக்கு அந்தப் பேச்சு ஜெபத்தைவிட இனித்தது.

ஜெபமும் செய்தேன். பரமண்டல ஜெபத்தை மனசுக்குள் சொல்லுவேன். கடனாளிகளை மன்னிப்பதுபற்றிய இடம் வந்ததும் நின்றுவிடும். அங்கே என் தம்பி ஜெபராஜ் வந்து நிற்பான்.

அவனைப்பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஆறு வயது இளையவன், ஊரில் எங்கள் அம்மாவோடு இருந்தான். இடையில் எங்கள் பழைய சபையை விட்டு வேறொரு ஜெபக்கூட்டத்தில் சேர்ந்தான். அம்மாவையும் அழைத்துப் போனான். அதில் எங்களுக்குள் வாய்ச்சண்டை. அம்மா இறந்தபோது எனக்கு அவன் சொல்லவில்லை. சொன்னால் நான் பழைய சபைப் போதகர் ஐயரைக் கூட்டிக்கொண்டு வந்து தகராறு செய்வேன் என்று பயந்து, விடிந்ததும் அவர்கள் கூட்டத்துக் கல்லறையில் அடக்கம் செய்துவிட்டான். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் நான் இருந்தேன். ஊர்க்காரர் ஒருவர் துக்கம் விசாரிக்கப் போன் செய்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அம்மாவின் முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவனோடு பேசவும் இல்லை. பல வருஷம் ஓடிவிட்டது.

மெஷினிலிருந்து மெதுவாக விடுபட்டு, கழுத்துக் குழாயோடு வார்டுக்கு வந்தேன். அங்கே நோயாளியோடு துணைக்கு இருப்பவரைக் கூட்டிருப்பு என்பார்கள். என்னை அடிக்கடி புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். சுகந்தி மெலிந்த உடம்பு. ஷைனிக்குப் பரீட்சை. யாராவது பலமான ஆள் வேண்டும் என்று சிஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் ஜெபராஜ் வந்து நின்றான். கையில் ஒரு பை. முடி நரைத்திருந்தது. சுகந்திதான் சொல்லியனுப்பினாள் என்று நினைத்தேன். இல்லை, ஊரில் கேள்விப்பட்டு அவனாகவே வந்திருக்கிறான்.

"அண்ணா" என்றான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அது ஒன்றுதான் என்னால் சாத்த முடிந்த கதவு. அவன் வெளியே போகும் வரை திறக்கவில்லை.

அவன் வராந்தாவரைதான் போனான். சிஸ்டர் வாசலில் நின்று, "ஏசுதாசன்டெ கூட்டிருப்பு ஆரா?" என்று கூப்பிட்டதும் உள்ளே வந்தான். என் தோளுக்கும் இடுப்புக்கும் கீழே கையைக் கொடுத்துத் திருப்பினான். தலையணையை முதுகுக்குப் பின்னால் செருகினான். மறுபடியும் வராந்தாவுக்குப் போய்விட்டான். இப்படியே நாட்கள் போயின. மூக்கில் போட்டிருந்த குழாய் வழியாக எனக்குக் கஞ்சி விட்டான். ஷேவ் செய்துவிட்டான். என் மலஜலம் எடுத்தான். நான் கண்ணை மூடிக்கொண்டே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி தங்கமணி சேச்சி ஒருநாள் என்னைப் பார்த்து, "சேட்டா, இங்ஙனெ ஒரு அனியனெ கிட்டான் பாக்யம் வேணம்" என்றார். இப்படி ஒரு தம்பி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டுமாம். எனக்கு வாய் இருந்தால் அன்றைக்கு அந்தச் சேச்சியோடும் சண்டை போட்டிருப்பேன்.

நான் பேச வேண்டும் என்பதற்காக ஷைனி ஒரு அட்டையில் எழுத்துகள் எழுதிக் கொண்டுவந்தாள். மலையாளத்தில் படித்தவள், அதனால் மலையாள எழுத்து. அவள் ஒவ்வொன்றாக விரல் வைத்துக்கொண்டு போவாள், வேண்டிய எழுத்து வந்ததும் நான் கண் சிமிட்டுவேன். அவளுக்கு நான் சொன்ன முதல் வார்த்தை 'மூக்கு'. மூன்று நாளாக மூக்கு அரித்துக்கொண்டிருந்தது. அவள் சொறிந்துவிட்டபோது அடைந்த சுகத்தை என்னால் எழுத முடியாது. மனுஷனுக்கு எத்தனையோ ஆசைகள் இருக்கலாம், தன் மூக்கைத் தானே சொறிய முடிந்தால் அவன் பாதி ராஜா.

ஜெபராஜுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. இரண்டு மூன்று நாள் சாயங்காலம் வராந்தாவில் அவன் ஷைனியின் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ முணுமுணுப்பது கேட்டது. "சித்தப்பா, இது 'ப', இது 'வ' இல்ல" என்று அவள் சிரித்தாள். எழுத்துப் படித்துக்கொண்டிருக்கிறான்.

ஒரு மத்தியானம் அட்டையோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தான். "அண்ணா, நான் படிச்சிட்டேன். என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

விரல் நகர்ந்தது. நான் சிமிட்டினேன். மறுபடியும் நகர்ந்தது, சிமிட்டினேன். அவன் உதட்டைக் குவித்து, கூட்டி வாசித்தான்.

"போ."

அட்டையை மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, "போறேன் அண்ணா. ஒங்களத் திருப்பிப் போட்டுட்டுப் போறேன்" என்றான். திருப்பிப் போட்டான். சொன்னபடி போனான், வராந்தாவுக்கு.

இதையெல்லாம் இவ்வளவு விவரமாகச் சொல்வது, என் மனசு எந்த நிலையில் இருந்தது என்று தெரிய வேண்டும் என்பதற்காக. மாறியது நான் நல்லவன் என்பதால் இல்லை.

அடுத்த வாரம் ஒருநாள், மருந்து வண்டி வருகிற நேரம். கழுத்துக் குழாயில் சளி அடைத்துக்கொண்டது. மூச்சு உள்ளே வரவில்லை. கத்த முடியாது, கையைத் தட்ட முடியாது. கண் முன்னால் கட்டில் கம்பி மங்கிக்கொண்டு போனது. அந்த நேரம் கஞ்சி டம்ளரோடு உள்ளே வந்த ஜெபராஜ் என் உதட்டைப் பார்த்தான். டம்ளரைக் கீழே போட்டுவிட்டு, "சிஸ்டர்" என்று அவன் போட்ட சத்தத்தில் மொத்த வார்டும் எழுந்துவிட்டது. சிஸ்டர் ஓடிவந்து சளியை இழுத்தெடுத்தார். காற்று வந்தது. இரண்டு மூச்சுக்குள் உலகம் திரும்பி வந்தது.

எல்லாரும் போன பிறகு, ஜெபராஜ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். "கர்த்தாவே, எனக்க அண்ணன எடுத்துக்கிடாதயும். எடுத்துக்கிடாதயும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நான் மயங்கிக் கிடக்கிறேன் என்று நினைத்தான்போல.

நான் உயிரோடு இருக்க வேண்டும் என்று அந்த நிமிஷம் நான் எவ்வளவு ஆசைப்பட்டேனோ, அவ்வளவு அவனும் ஆசைப்பட்டான். இந்த மனுஷன்மேல் எனக்கு இருந்த கோபம் ஒரு பக்கம், இவனுக்கு என்மேல் இருந்த பாசம் ஒரு பக்கம். இரண்டையும் வைத்துப் பார்த்தால் எதைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று எனக்கே தெரிந்தது. அவன் நிமிர்ந்தபோது என் கண் திறந்திருந்தது. அட்டையைப் பார்த்தேன். அவன் புரிந்துகொண்டு எடுத்தான். விரல் நகர்ந்தது.

"இ... ரு." அவன் வாசித்தான். நம்பாமல் இன்னொரு முறை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தான். "இரு-ன்னா சொல்லுதீங்க?"

சிமிட்டினேன்.

அன்றையிலிருந்து என் கட்டிலுக்குக் கீழேதான் அவன் பாய்.

நல்ல காலம் தொடங்கியது. பிசியோதெரபி செய்கிற பிந்து தினமும் வந்து கைகால்களை மடக்கி நீட்டுவார். ஒருநாள், "தாசன் சேட்டா, வலது கட்டைவிரல அசைக்கப் பாருங்க" என்றார். மனசு முழுவதையும் கட்டைவிரலுக்கு அனுப்பினேன். ஒரு நெல்லளவு அசைந்தது. பிந்து கை தட்டினார். தங்கமணி சேச்சி கை தட்டினார். அவர் கணவர் தலை பூராக் கட்டோடு எழுந்து உட்கார்ந்து என்ன என்று கேட்டார். சுகந்தி மட்டும் அழுதுகொண்டே, "இனி ரிமோட்ட எனக்குத் தரமாட்டாரு" என்றாள். வார்டே சிரித்தது.

குரலும் வந்தது. கழுத்துக் குழாயில் சின்ன மூடி ஒன்றைப் பொருத்தி மீரா டாக்டர், "என்னவாவது பேசுங்க" என்றார். சுகந்தியும் ஷைனியும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். எத்தனை நாளாகவோ ஊமையாக இருந்தவன் முதலில் யார் பெயரைச் சொல்வான் என்று இருவருக்கும் ஆவல். ஜெபராஜ் சாயா வாங்கப் போயிருந்தான்.

"தம்பியக் கூப்பிடு" என்றேன். தகரத்தைச் சுரண்டுவதுபோல் ஒரு சத்தம். அதுதான் என் குரல்.

அவன் வந்தான். மற்றவர்கள் தள்ளிப் போனார்கள். "அம்மைக்க மொகத்த நான் பாக்கல்ல ராஜு" என்றேன். சொல்லத் திட்டம்போட்டு வைத்திருந்தது நீண்ட பேச்சு. இவ்வளவுதான் வந்தது.

"நான் செஞ்சது தப்பு. பயந்துட்டேன். சண்ட வரும்னு பயந்தேன். மண்ணு போட்டுட்டு வீட்டுக்கு வந்து ஒங்களுக்குப் போன் போடணும்னு எடுத்தேன். வெரலு வரல்ல. ஒவ்வொரு நாளும் நாளைக்கி நாளைக்கின்னு..."

"கடைசியில எப்பிடி இருந்தா? சொல்லு."

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். பிறகு சொன்னான். "மூணு நாளு ஆளு தெரியல்ல. கடைசி நாளு சாயங்காலம் கண்ணத் தொறந்து 'தாசா'ன்னு கூப்பிட்டா. நான்தான் பக்கத்துல இருந்தேன். 'ஆமாம்மா, தாசன்தான் வந்திருக்கேன்'னு சொன்னேன். எனக்க கையப் பிடிச்சு கன்னத்துல வச்சா. சிரிச்சா. பின்ன பேசல்ல."

அழுகையோடு இருமலும் சேர்ந்து வந்தது. சிஸ்டர் ஓடிவந்து மூடியைக் கழற்றி, இன்றைக்குப் பேசினது போதும் என்று திட்டினார். அதனால் நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று சொல்ல மறுநாள்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மறுநாள் சொன்னேன். அவன் என் காலைப் பிடித்துக்கொண்டான். எனக்குக் காலில் உணர்ச்சி சரியாக வராத நேரம் அது. ஆனாலும் தெரிந்தது.

சொன்னதோடு முடிந்துவிடவில்லை. இரண்டு நாள் கழித்து, அம்மாவின் அடக்கத்தில் என்ன பாட்டுப் பாடினார்கள் என்று அவன் ஏதோ சொல்லப்போக, பழைய கோபம் அப்படியே பொங்கி வந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இப்போது அதைத் திருப்பவும் முடிந்தது. பிறகு மறுபடியும் மன்னித்தேன். என் கட்டைவிரல் மாதிரிதான் அதுவும். இன்றைக்கு அசைந்தது நாளைக்கு அசையாது. தினமும் மனசை அனுப்பிக்கொண்டே இருந்தால் ஒருநாள் தன் பாட்டுக்கு வேலை செய்யும்.

விழுங்க முடிந்ததும் முதலில் வாய் வழியாகக் குடித்தது ரசம். ஸ்ரீவராகத்து மாமி கொண்டுவந்தது. நான் மூக்குக்குழாயோடு இருந்தபோதே அவர் ஒருமுறை பிளாஸ்கோடு வந்து, "எந்த வழியாப் போனா என்ன, உள்ளே போய்ச் சேர்ந்தாச் சரி" என்று சிஸ்டரிடம் வாதாடியிருக்கிறார். அன்றைக்கு முடியவில்லை. இன்றைக்கு ஸ்பூனில் ஊட்டினார். மிளகும் பெருங்காயமும் நாக்கில் பட்டதும் என் கண்ணில் தண்ணீர் வந்தது.

"காரமோ?" என்றார் மாமி.

"இல்ல மாமி. ருசி."

"எங்காத்து வயரிங் பாதியில நிக்கறது. ஞாபகம் வெச்சுக்கோ. வேற யாரையும் விடமாட்டேன்" என்று அதட்டிவிட்டுப் போனார். எழுந்து நடப்பேன் என்று என்னிடம் யாரும் இவ்வளவு உறுதியாகச் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபராஜும் நானும் மெதுவாகப் பாடுவோம். அவன் கூட்டத்துப் பாட்டு ஒன்று, என் சபைப் பாட்டு ஒன்று என்று முறை வைத்துக்கொண்டோம். தகரக் குரலில் நான் இழுப்பேன். தங்கமணி சேச்சி இந்து, அவருக்கு இரண்டு பாட்டுமே மனப்பாடம் ஆகிவிட்டது. மத்தியானம் இளைஞர்கள் வாழையிலையில் கட்டிய பொதிச்சோறு கொண்டுவந்து வார்டில் கொடுப்பார்கள். நகரத்தில் ஏதேதோ வீடுகளில் தங்களுக்குச் சமைக்கும்போது ஒரு பொதி கூடுதலாகக் கட்டிக் கொடுப்பது. யார் வீட்டுச் சோறு என்று தெரியாது. ஒருநாள் ஜெபராஜ் பிரித்த பொதியில் ஒரு பொரித்த மீன் துண்டு சாதத்துக்குள் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. "ஆரோ எனக்காவே ஒளிச்சு வச்சிருக்காவ" என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டான். அதில் பாதியைப் பிய்த்துச் சேச்சிக்குக் கொடுத்தான்.

கழுத்துக் குழாயை எடுத்துவிட்டார்கள், வாக்கரைப் பிடித்து நான் பத்தடி நடக்கத் தொடங்கியிருந்தேன். வீட்டுக்கு அனுப்பும் நாள் நெருங்கியது. அப்போது மீரா டாக்டர் வந்து, "தாசன், ஒரு உபகாரம் செய்யணும்" என்றார். பக்கத்து அறையில் முருகையா என்று ஒருவர் வந்திருக்கிறார். பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் வேலை, தமிழர், என் வயதுதான் இருக்கும். அதே நோய். கழுத்தில் குழாய். கண்ணில் எப்போதும் தண்ணீர் வடிகிறது, குணமாகும் என்று யார் சொன்னாலும் நம்பவில்லை.

ஜெபராஜ் ஒரு பக்கம் பிடிக்க, நான் வாக்கரோடு போனேன். முருகையாவின் கண்கள் கூரையில் இருந்தன. அவர் மனைவி சுவரோரம் நின்றிருந்தார். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இரண்டு சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்திருக்கிறார். மலையிலிருந்து பஸ் குறைவு, போனால் வர முடியாது, வந்தால் போக முடியாது.

"முருகையா அண்ணாச்சி, ஒங்களுக்கு எல்லாம் கேக்குதுன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

கண் கூரையிலிருந்து இறங்கி என்மேல் நின்றது.

"நானும் இப்படியேதான் கெடந்தேன். இந்தா பாருங்க, இது அந்தத் தழும்பு." கழுத்தைக் காட்டினேன். பிறகு வாக்கரை விட்டுவிட்டு, தம்பியின் கையையும் விட்டுவிட்டு, அவருக்கு முன்னால் தனியாக நின்று காட்டினேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கால் ஆடியது. "ஒங்க கம்பி நல்லாத்தான் இருக்கு. மேல உள்ள உறைதான் போச்சு. அது வளரும். மூக்கு அரிச்சா என்ன செய்யணும்னு மட்டும் இவங்களுக்குச் சொல்லிக்குடுத்துட்டுப் போறேன்."

அவருக்குச் சிரிக்க முகத்தில் தசை வேலை செய்யவில்லை. ஆனால் சிரித்தார். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போகும் நாள் காலையில் சுகந்தி எல்லாவற்றையும் மூட்டை கட்டினாள். வாளி, மக், பிளாஸ்க், இரண்டு போர்வை, தலையணைகள், ரப்பர் ஷீட். ஒரு வீடே இருந்தது. ஆட்டோ கீழே நின்றது. ஷைனி என் செருப்பை மாட்டிவிட்டாள். ஜெபராஜை மட்டும் காணவில்லை.

தேடிப் போன ஷைனி சிரித்துக்கொண்டே வந்தாள். "அப்பா, சித்தப்பா அங்க முருகையா மாமனத் திருப்பிப் போட்டுட்டு இருக்காரு."

கொஞ்ச நேரத்தில் அவனே வந்தான். தப்புச் செய்தவன் மாதிரி தலையைச் சொறிந்தான். "அண்ணா, நீங்க போங்க. அந்த அக்கா ரெண்டு பிள்ளையளத் தனியா விட்டுட்டு வந்திருக்கு. ஒருவாட்டி ஊருக்குப் போயிட்டு வரட்டும். அதுவரைக்கும் நான் இஞ்ச நிக்கேன்."

"எவ்வளவு நாளு?"

"அத மட்டும் கேக்காதீங்க" என்றான் மீரா டாக்டர் மாதிரியே. எங்கள் எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அவன் என் கூட வருவான், எங்கள் வீட்டில் சில நாள் தங்குவான், தின்பண்டம் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தேன். இப்போது இன்னொருவருக்குப் போய்விட்டான். பல வருஷம் வேண்டாம் என்று இருந்த தம்பி, இன்னும் சில நாள் இல்லாமல் இருப்பது எனக்குக் குறையாகத் தெரிந்தது. அந்தக் குறையே எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் கட்டிய மூட்டையை அவளே அவிழ்த்தாள். வாளியும் மக்கும் முருகையாவின் கட்டிலுக்குக் கீழே போயின. பிளாஸ்க் ஸ்டூலின்மேல். போர்வைகளை அந்தப் பெண் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, சுகந்தி உதறி விரித்துக்கொண்டிருந்தாள். தலையணைகளை எப்படிச் செருகினால் முதுகுக்கு இதமாக இருக்கும் என்று நான் வாக்கரில் சாய்ந்தபடி சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆட்டோக்காரர் மூட்டை முடிச்சைத் தேடி, "சாதனங்கள் ஒண்ணும் இல்லயா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல" என்றாள் சுகந்தி. வாக்கரை மட்டும் முழங்காலுக்கு முன்னால் குறுக்கே வைத்துக்கொண்டு, வெறுங்கையோடு நாங்கள் மூன்று பேரும் கரமனைக்குப் புறப்பட்டோம்.